மட்டக்களப்பு முதல் புனானை வரை: மாடி அறையில் பெரிய மாதிரிப் புகையிரதப் பாதை அமைக்க ஆலோசனை தேவை

வாவிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லடியில் உள்ள எங்கள் வீட்டின் மேல்மாடியில் 24 அடி நீளமும் 14 அடி அகலமும் கொண்ட அறையொன்று பயன்பாடின்றிக் கிடக்கிறது. அதில் பெரியதொரு மாதிரிப் புகையிரதப் பாதையை அமைக்க வீட்டாரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. வட்டமாகச் சுற்றி வரும் விளையாட்டுப் பாதை எனக்கு வேண்டியதில்லை. 1928இல் திறக்கப்பட்ட எங்கள் மட்டக்களப்புப் பாதையின் கடைக்கோடியை, அதாவது மட்டக்களப்பு நிலையத்திலிருந்து ஏறாவூர், வந்தாறுமூலை, தேவபுரம், கல்குடா, வாழைச்சேனை வழியாகப் புனானைக் காடு வரையுள்ள பகுதியை, இவ்வூரில் வளர்ந்தவர் எவரும் பார்த்தவுடனே இனங்கண்டுகொள்ளும்படி அமைக்க விரும்புகிறேன்.

கையில் இருப்பவை: இங்கிலாந்தில் வாழும் தமையனார் அனுப்பிய ஓஓ அளவு (உண்மையில் 76இல் ஒரு பங்கு) எஞ்சின்கள் சில, 16.5 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள வளையும் தண்டவாளம் ஒரு பெட்டி, நண்பர் ஒருவரிடம் உள்ள முப்பரிமாண அச்சு இயந்திரம். இப்போதைய வரைபடத்தில் ஆறு நிலையங்களையும் இரண்டு அடுக்குத் தளங்களையும் குறித்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் மட்டக்களப்பும் மேல்தளத்தில் வாழைச்சேனையும் வருகின்றன. வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலேறும் ஒரு சுருள்வழி இரண்டையும் இணைக்கிறது.

இந்த வரைபடம் சரிதானா என்பது முதற் கேள்வி. நமது அகலப் பாதைக்கு எந்த அளவுத்திட்டம் பொருந்தும் என்பது அடுத்தது. வாவிக் காற்றின் ஈரப்பதத்தையும் உப்பையும் மார்கழி மழையையும் தாங்குகின்ற அடித்தளத்தை எதனால் செய்வது, மின்னிணைப்பை எப்படித் திட்டமிடுவது என்பவற்றையும் அறிய விரும்புகிறேன்.

பழைய கார்ட் எழுதியது:

தம்பி, புகையிரதத் திணைக்களத்தில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதற் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். அந்தச் சுருள்வழியை வரைபடத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். 60 சென்ரிமீற்றர் ஆரையில் ஒரு சுற்று ஏறத்தாழ 3.77 மீற்றர் நீளம் பிடிக்கும். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் ஒரு சுற்றுக்கு ஏழரை சென்ரிமீற்றரே உயரலாம். இரண்டு தளங்களுக்கிடையே 40 சென்ரிமீற்றர் வைத்தால் ஐந்து சுற்றுக்கு மேல், அதாவது 20 மீற்றர் பாதை, எவர் கண்ணிலும் படாமல் ஒரு பெட்டிக்குள் சுழன்றுகொண்டிருக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் புகையிரதம் ஓஓ அளவில் வினாடிக்கு 22 சென்ரிமீற்றர் நகரும். ஆகவே ஒன்றரை நிமிடம் நீங்கள் வெறும் பலகையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். மலையும் சுரங்கமும் உள்ள பதுளைப் பாதையைக் கட்டுபவர் அப்படிச் செய்தால் அதில் நியாயம் இருக்கிறது. நமது பகுதியோ வயலும் வாவியும் கண்டலும் தென்னையுமாகக் கிடக்கின்ற சமதரை. ஏற்றமே இல்லாத பாதை கிடைத்திருப்பது மாதிரி கட்டுபவருக்குப் பெரிய வரம்; அதில் நாமாக ஒரு மலையை ஏற்றக் கூடாது.

அடுத்தது நிலையங்களின் எண்ணிக்கை. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனை வரையுள்ள தூரத்தை முப்பது கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் 1:76 அளவில் அது 390 மீற்றருக்கு மேல் வரும். உங்களிடம் இருப்பதோ சுவரோரமாகச் சுமார் 20 மீற்றர். எனவே எதைச் சுருக்குவது என்பதல்ல, எதை விட்டுவிடுவது என்பதே நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு. ஓஓ அளவில் ஓர் எஞ்சினும் ஆறு பெட்டிகளும் ஏறத்தாழ 1.85 மீற்றர் நீளம் பிடிக்கும். அதனை ஒதுக்கி நிறுத்தும் கிளைப்பாதை இரு முனைகளிலும் பாதை பிரியும் பொயின்ட்களோடும் சேர்ந்து 2.7 மீற்றருக்குக் குறையாது. ஆறு நிலையங்களை வைத்தால், எஞ்சின் அடுத்த நிலையத்தை எட்டும்போது கடைசிப் பெட்டி இன்னும் முந்தைய நிலையத்தின் மேடையிலேயே நிற்கும். பயணம் என்ற உணர்வு அங்கே செத்துவிடும்.

என் கருத்து இது. ஒரு நீண்ட சுவர் முழுவதையும் மட்டக்களப்பு நிலையத்துக்குக் கொடுங்கள். அது முடிவிட நிலையம். வந்த எஞ்சின் கழன்று, பக்கப் பாதையால் சுற்றிப் பெட்டிகளின் மறுமுனைக்கு வர வேண்டும். அந்த ஒரு வேலையே பார்ப்பவரைக் கட்டிப்போடும். குறுகிய சுவரில் ஏறாவூருக்கு ஒரு சிறு மேடையும் இரு பக்கமும் வயலும் போதும். எதிர் நீண்ட சுவரில் வாழைச்சேனை. இரு புகையிரதங்கள் சந்தித்து விலகும் இடம் அது ஒன்றுதான். அதற்கு அப்பால் ஓட்டமாவடிப் பாலம். வந்தாறுமூலையையும் தேவபுரத்தையும் கல்குடாவையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பலகையில் வேண்டாம். கல்குடாக்காரர் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் பாலத்துக்கு நல்ல இடம் விடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். வீதிக்கெனத் தனிப் பாலம் கட்டப்படும் வரை ஓட்டமாவடியில் வாகனங்களும் புகையிரதமும் ஒரே பாலத்தைத்தான் மாறி மாறிப் பயன்படுத்தின. மகாவலியின் குறுக்கே உள்ள மன்னம்பிட்டிப் பாலமும் 2007இல் புதிய வீதிப் பாலம் திறக்கப்படும் வரை அவ்வாறுதான் இருந்தது. நீங்கள் காட்டும் காலத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினால், கேற் மூடப்பட்டுப் பஸ்ஸும் லொறியும் மாட்டுவண்டியும் சைக்கிள்களும் இரு முனைகளிலும் காத்து நிற்க, இரும்புக் கூட்டுக்குள் எஞ்சின் மெதுவாக நுழையும் காட்சியை அமைக்கலாம். வேறெந்த நாட்டவரின் மாதிரியையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதாக இருக்கும். நம்மவருக்கு அது சொந்த ஞாபகம்.

அளவுகோல் எழுதியது:

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் ஓஓ அளவை வைத்தே கணக்கிட்டிருக்கிறார். அந்த இடத்திலேயே வேறு வழி இருக்கிறது.

நமது பாதையின் இடைவெளி ஐந்தடி ஆறங்குலம், அதாவது 1676 மில்லிமீற்றர். ஓஓ அளவு 1:76.2, அதன் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் 1257 மில்லிமீற்றர்தான் வருகிறது. 1435 மில்லிமீற்றர் கொண்ட ஆங்கிலேயப் பாதைக்கே அது ஒடுக்கமானது என்று அங்குள்ளவர்கள் பல தலைமுறைகளாக வாதாடி வருகிறார்கள். நமது பெட்டிகளை அந்தத் தண்டவாளத்தில் ஏற்றினால், பெரிய உடம்பு சிறிய கால்களில் நிற்பது போலத் தெரியும். எச்ஓ அளவான 1:87ஐ எடுத்தாலும் நமக்கு 19.25 மில்லிமீற்றர் தேவைப்படும். அப்படியொரு தண்டவாளம் கடையில் கிடையாது.

கணக்கை மறுபக்கத்திலிருந்து போடுங்கள். கையில் உள்ள 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தை மாற்றாமல், அதனை 1676 மில்லிமீற்றராகக் கொள்வதற்கு எந்த அளவு வேண்டும் என்று கேட்டால் 1:101.6 என்று விடை வருகிறது. எஞ்சின் உடலையும் பெட்டிகளையும் எப்படியும் நீங்கள் அச்சிடத்தான் போகிறீர்கள். ஏனெனில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954இல் வழங்கிய, அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிய எம்2 எஞ்சினையோ, பிற்காலத்து இந்திய எம்8ஐயோ நமது அகலப் பாதை அளவில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எப்படியும் அச்சிடுகிற உடலை 1:76இல் அச்சிடாமல் 1:101.6இல் அச்சிட்டால் தண்டவாளமும் பொயின்ட்டும் சக்கரமும் பொறியும் கடைப்பொருளாகவே இருக்கலாம், அகலமும் சரியாக அமையும். எச்ஓ டீசல் எஞ்சின்களின் சக்கரங்கள் பத்துப் பதினொரு மில்லிமீற்றர் விட்டமுள்ளவை. இந்த அளவில் அது ஒரு மீற்றரை ஒட்டி வருவதால், உண்மையான டீசல் எஞ்சின் சக்கரத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறது.

கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு. 1:100 என்பது கட்டடக் கலைஞர்கள் மாதிரி செய்யும் அளவு. ஆகவே மனித உருவங்களும் வாகனங்களும் மரங்களும் அந்த அளவில் மலிவாகக் கிடைக்கின்றன. இருபது மீற்றர்ப் பெட்டி இங்கே 20 சென்ரிமீற்றர்தான். ஐயா சொன்ன ஏழு வண்டிப் புகையிரதம் 1.4 மீற்றருக்குள் அடங்கிவிடும். அறை தானாகவே பெரிதானது போலாகும்.

கவனிக்க வேண்டியது பொறியின் அகலம். மூன்று மீற்றர் அகலமான எஞ்சின் உடல் இந்த அளவில் 29 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான் வரும். சுவரின் தடிப்பைக் கழித்தால் உள்ளே 27 மில்லிமீற்றர் எஞ்சும். உங்கள் எஞ்சின்களின் மேலுடலைக் கழற்றி, மோட்டார்ச் சட்டகம் அதற்குள் அடங்குமா என்று அளந்த பின்னரே வரைய ஆரம்பியுங்கள்.

இருபத்திரண்டு எழுதியது:

அளவுகோல் அவர்களின் வழி சாமர்த்தியமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 1:76.2 அளவையே வைத்துக்கொண்டு தண்டவாளத்தை 22 மில்லிமீற்றருக்கு நாமே கட்டுவதுதான் நேர்மையான வழி என்பது என் நிலைப்பாடு. அயர்லாந்தின் ஐந்தடி மூன்றங்குலப் பாதையை மாதிரியாக்குபவர்கள் அதே அளவில் 21 மில்லிமீற்றர் தண்டவாளத்தைக் கையாலேயே கட்டுகிறார்கள். செப்புப் பூசிய மின்சுற்றுப் பலகையைச் சிலீப்பர் கட்டைகளாக நறுக்கி, அவற்றின்மீது தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைப்பதுதான் முறை. இரண்டு தண்டவாளங்களும் மின்னால் ஒன்றுபடாதபடி ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செப்பைச் சுரண்டிவிட வேண்டும். பெரிய அளவில் மேற்கூரை ஓடுகளையும் யன்னல் கம்பியையும் காட்டலாம், 1:101.6இல் அவை மங்கிப்போகும்.

எனினும் 20 மீற்றர் பாதையையும் அத்தனை பொயின்ட்களையும் தனியொருவராகக் கட்டி முடிக்கும் பொறுமை வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். என்னுடைய பாதை நான்கு மீற்றர் நீளமான ஒற்றை நிலையம் மட்டுமே.

அக்கரைப்பற்றுத் தச்சர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் அம்பாறை மாவட்டத்துக்குப் புகையிரதம் இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே பாதையைப் பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை. மரத்தைப் பற்றிப் பேசலாம் அல்லவா, சகோதரரே?

வெப்பத்தால் தண்டவாளம் நீண்டு வளைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஏழு மீற்றர் நீளத்துக்குப் பத்துப் பாகை வெப்ப வேறுபாட்டில் ஒரு மில்லிமீற்றரைச் சற்றே தாண்டித்தான் நீளும். அந்த நீட்சியை நான்கைந்து மூட்டுகளில் விடும் மெல்லிய இடைவெளிகள் ஏற்றுக்கொள்ளும். உண்மையான எதிரி பலகையின் ஈரம். மார்கழியில் ஊறிப் பெருத்த மரம் பங்குனியில் உலர்ந்து சுருங்கும்போது, அதன்மேல் ஒட்டிய பாதையையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே சட்டகத்தை மரத்தில் செய்யாதீர்கள். யன்னல் செய்யும் கடைகளில் கிடைக்கின்ற அலுமினியப் பெட்டிக் குழாயிலோ, துத்தநாகம் பூசிய இரும்புப் பெட்டிக் குழாயிலோ செய்யுங்கள். மேலே 12 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டைப் போடலாம். போடுவதற்கு முன்பு அதன் இரு முகங்களுக்கும், முக்கியமாக நான்கு விளிம்புகளுக்கும் வயர் செல்லத் துளைத்த ஓட்டைகளின் உட்புறத்துக்கும், இரண்டு பூச்சு எண்ணெய் வர்ணம் அடித்துவிடுங்கள். மேல்முகத்தை மட்டும் பூசினால், பூசாத கீழ்முகம் ஈரத்தைக் குடித்து, பலகை கிண்ணமாக வளையும்.

குளிரூட்டி வைப்பதாயின் ஒழுங்காக ஓட விடுங்கள். இல்லையேல் வேண்டவே வேண்டாம். பகலில் இரண்டு மணித்தியாலம் உலர்த்தி, இரவில் மீண்டும் ஊற விடுவதைவிட, எப்போதும் ஒரே அளவான ஈரம் மரத்துக்கு நல்லது. தண்டவாளத்தை மத்தியான வெக்கையில் பதியுங்கள். அதன் பின் அது சுருங்க மட்டுமே செய்யும். மூட்டுகள் சிறிது திறக்குமே தவிர, பாதை நெளியாது.

பலகை ஒவ்வொன்றும் நான்கடி நீளத்துக்கு மேற்படாமல், ஆணி அடிக்காமல் போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கட்டும். கூரை ஒழுகினாலும் வீடு மாறினாலும் கழற்றி எடுக்கலாம். அகலம் இரண்டடியைத் தாண்டினால் பின்பக்கச் சுவரோரத்தில் கவிழ்ந்த பெட்டிக்குக் கை எட்டாது. கால்களின் அடியில் கறையானுக்கு இடம் கொடுக்காதீர்கள். உலோகக் கால்களாயினும் அவை சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். நிலத்தோற்றத்துக்கு ரெஜிபோம் என்னும் நுரைப் பலகை அருமையான பொருள், பாரமே இல்லை. ஆனால் தின்னர் கலந்த பசையும் ஸ்ப்ரே வர்ணமும் அதனைக் கரைத்துவிடும். பீவிஏ என்னும் வெள்ளைப் பசையையும் நீர் வர்ணத்தையும் மட்டும் பாவியுங்கள்.

கல்முனை வாசகர் எழுதியது:

தண்டவாளத்தின் அடியில் பரப்பும் சல்லிக் கற்களுக்குப் பதிலாகக் கடற்கரை மணலைக் கொட்ட நினைப்பவர்கள் முதலில் அதன்மீது ஒரு காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். புல்மோட்டையில் தோண்டியெடுக்கும் இல்மனைற்று போன்ற கரிய கனிமத் துகள்கள் நமது கரையோர மணலிலும் கலந்திருக்கும். அவை மோட்டாரின் காந்தத்தால் இழுக்கப்பட்டுப் பற்சக்கரங்களுக்குள் போய்ச் சிக்கும். உப்பும் தண்டவாளத்துக்கு ஆகாது. உடைத்த கருங்கல்லின் தூளை வலையில் அரித்து, கழுவி, காயவைத்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. நீர்த்த பீவிஏ பசையில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஒரு துளி சேர்த்தால் கற்களுக்கிடையில் பசை தானாக ஊறும்.

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஓர் எஞ்சினைக் கழற்றி அளந்தேன். சட்டகத்தின் அகலம் 24 மில்லிமீற்றர்; ஆகவே 1:101.6 என்று முடிவு செய்துவிட்டேன். இருபத்திரண்டு அவர்கள் பொறுத்தருள வேண்டும். இரண்டு அடுக்குத் திட்டமும் சுருள்வழியும் கைவிடப்பட்டன. மூன்று சுவர்களில் நிலக்காட்சியும், கதவு இருக்கும் நான்காவது சுவரில் புகையிரதங்கள் மறைந்து காத்திருக்கும் யார்டும் என்று வரைந்திருக்கிறேன்.

புதிதாக இரண்டு சந்தேகங்கள் எழுந்துள்ளன. சமதரையில் சுரங்கமோ மேம்பாலமோ இல்லாதபோது, மறைவு யார்டுக்குள் பாதை நுழையும் ஓட்டையை எதனால் மறைப்பது? அந்த யார்டுக்கு மூன்று மீற்றர் நீளமே எஞ்சுகிறது. உள்ளே சென்ற புகையிரதம் திரும்பி வருவதற்கு வளையம் போட இடமில்லை.

சுற்றுவரைஞர் எழுதியது:

ஓட்டையை மறைக்கப் புனானை இருக்கிறதே. வாழைச்சேனையைக் கடந்த பின் பாதை காட்டுக்குள்தான் போகிறது. கடைசி ஒன்றரை மீற்றரை முன்னும் பின்னும் அடர்ந்த மரங்களால் நிரப்பி, பாதையைச் சற்று வளைத்து விட்டால், நேராகப் பார்க்கும் கண்ணுக்கு ஓட்டை தெரியாது.

யார்டுக்குப் பொயின்ட்டே வாங்காதீர்கள். ஒன்றரை மீற்றர் நீளமான பலகைத் துண்டின்மீது இரண்டு அலுமினியக் கோணச் சட்டங்களை 16.5 மில்லிமீற்றர் இடைவெளியில் ஒட்டினால், அதுவே ஒரு புகையிரதத்தைத் தாங்கும் தட்டு. முழுப் புகையிரதமும் அதன்மேல் ஏறியதும் இரு முனைகளையும் அடைத்து, தட்டோடு தூக்கித் திருப்பி வைக்கலாம். மற்றத் தட்டுகள் கீழே இறாக்கையில் இருக்கும். இங்கிலாந்தில் சிறிய அறைகளில் பாதை அமைப்பவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உத்தி இது. கல்லடியிலிருந்து ஆரையம்பதி போவதற்குள் ஏதாவதொரு அலுமினியக் கடையில் சட்டம் கிடைக்கும்.

இனி மின்சாரம். பழைய முறையில் ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைத்து, எஞ்சின் செல்லச் செல்ல மின்னைத் திருப்ப வேண்டும். டிசிசி என்னும் இலக்கமுறைக் கட்டுப்பாட்டில் முழுப் பாதையிலும் எப்போதும் மின் இருக்கும். ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் உள்ள டிகோடர் என்னும் சிறு மின்சுற்று தன் இலக்கத்துக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு ஓடும். எச்ஓ அளவு எஞ்சின்களுக்குப் பதினைந்து வோல்ட்டை ஒட்டி வைத்தால் போதும். பெயர்பெற்ற நிறுவனங்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் விலை கூடியவை. ஆர்டுயினோ மெகா என்னும் சிறு கணினிப் பலகையும் மோட்டார் ஓட்டுப் பலகையும் வைத்து டிசிசி-ஈஎக்ஸ் என்ற திறந்த மென்பொருளை ஏற்றினால், அதே நியமத்தில் இயங்கும் கட்டுப்பாட்டு நிலையத்தை நீங்களே செய்துகொள்ளலாம். வைஃபை இணைத்தால் கைத்தொலைபேசியே ஓட்டுப்பிடியாகிவிடும்.

எந்தப் பெட்டியை வாங்கினாலும் வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். புதியவர்கள் இரண்டு வயரைப் பாதையின் ஒரு முனையில் இணைத்துவிட்டு, 20 மீற்றருக்கு அப்பால் எஞ்சின் சோர்ந்துபோவதைப் பார்த்து எஞ்சினைத் திட்டுகிறார்கள். மூட்டுத் தகடுகள் இங்குள்ள காற்றில் விரைவாகக் கறுத்து மின்னைத் தடுக்கும். வீட்டு மின்னிணைப்புக்குப் பாவிக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இரண்டைப் பலகையின் அடியில் முழு நீளத்துக்கும் இழுத்து, அவற்றிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாக மெல்லிய வயரை ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். ஏறத்தாழ மீற்றருக்கு ஒரு சோடி வரும். பலகைக்குப் பலகை பிளக் வைத்தால் தச்சர் சொன்னபடி கழற்றலாம். முடிந்ததும் ஐந்து ரூபாய் நாணயமொன்றை எடுத்து, பாதையின் ஒவ்வோர் இடத்திலும் இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் கட்டுப்பாட்டு நிலையம் உடனே மின்னைத் துண்டிக்க வேண்டும். எங்காவது துண்டிக்கவில்லையென்றால் அந்த இடத்துக்கு வரும் வயர் போதாது. பின்னொரு நாள் எஞ்சின் தடம்புரளும்போது அங்கேதான் டிகோடர் எரியும்.

பொயின்ட்டுகளை எஸ்ஜி90 வகைச் சின்னஞ்சிறு சேர்வோ மோட்டார்களால் திருப்பலாம். பதினாறு சேர்வோக்களை இயக்கும் பலகை ஒன்று உங்கள் முழுப் பாதைக்கும் தாராளம். பொயின்ட்டின் நடுவே தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் துண்டுக்கு மின் வராவிட்டால் மெதுவாகச் செல்லும் எஞ்சின் அங்கே நின்றுவிடும். ஆகவே பொயின்ட் திரும்பும்போது அந்தத் துண்டின் மின்முனையையும் மாற்றும் நுண்சுவிட்சைச் சேர்வோவோடு பொருத்துங்கள். எந்தப் பாதையில் புகையிரதம் நிற்கிறது என்று கண்டறியும் உணரிகளில் பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள். முழுப் பாதையும் கண்ணுக்கு முன்னே இருக்கும் உங்களுக்கு அவை தேவையில்லை. ஹாம்பேர்க்கில் 2001இல் திறக்கப்பட்ட மினியாத்தூர் வுண்டர்லாண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகையிரதங்களைக் கணினி ஓட்டுகிறது. அது சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் நிறுவனம்; நமது அறைக்கு அது முன்மாதிரியன்று.

பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னல் கூடுதலாக இருக்கும். ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். தண்டவாளத்தில் படியும் கரியை ஒயிட் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம். ஐசோபுரோப்பைல் அற்ககோலைவிட அது கரி மீண்டும் படிவதைக் குறைக்கிறது என்பது அனுபவமுள்ள பலரின் கருத்து. என் பாதையிலும் அவ்வாறே கண்டேன்.

பழைய கார்ட் எழுதியது:

கட்டுவதைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். ஓட்டுவதைப் பற்றியும் சிறிது சொல்கிறேன். ஓட்டும் ஒழுங்கு இல்லாத பெரிய பாதை இரண்டு மாதத்தில் தூசு பிடிக்கும்.

நமது ஒற்றைப் பாதையில் டப்லட் முறை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். இரு நிலையங்களுக்கிடையேயுள்ள பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் அந்தப் பகுதிக்குரிய உலோகத் தகடு சாரதியின் கையில் இருக்க வேண்டும். இரு நிலையங்களிலும் உள்ள கருவிகள் மின்னால் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. மாதிரிப் பாதையில் அந்தக் கருவிகளைச் செய்ய வேண்டியதில்லை. பித்தளையில் இரண்டே இரண்டு வட்டத் தகடுகளை வெட்டி, ஒன்றில் மட்டக்களப்பு–வாழைச்சேனை என்றும் மற்றதில் வாழைச்சேனை–புனானை என்றும் பொறித்து, பலகையின் ஓரத்தில் கொளுவியில் தொங்கவிடுங்கள். தகடு கையில் இல்லாதவர் தொலைபேசியைத் தொடக் கூடாது என்பது சட்டம். மூவர் இருந்தால் போதும்: மட்டக்களப்புக்கு ஒருவர், வாழைச்சேனைக்கு ஒருவர், மறைவு யார்டில் தட்டுகளைத் திருப்ப ஒருவர். யார்டில் நிற்பவருக்கு அலுப்பாக இருக்கும்; ஆகையால் மணிக்கொரு முறை இடம் மாறிக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை ஆறு மடங்கு வேகத்தில் ஓட விடுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் உங்கள் அளவில் வினாடிக்கு 11 சென்ரிமீற்றர். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு வரை ஒன்பது மீற்றர் வைத்தால் ஓட்டம் 82 வினாடி பிடிக்கும். ஆறு மடங்குக் கடிகாரத்தில் அது எட்டு நிமிடம். அட்டவணையில் பத்து நிமிடம் என்று எழுதிக்கொள்ளலாம். காலையில் உதயதேவி என்னும் பயணிகள் புகையிரதம் புறப்படட்டும். எதிரே கொலன்னாவையிலிருந்து வரும் எரிபொருள் தாங்கிகள் வாழைச்சேனையின் பக்கப் பாதையில் ஒதுங்கி நிற்கட்டும். இரவு ஓட்டத்தில் புனானைக் காட்டுப் பகுதியின் வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். யானைகள் கடக்கும் இடங்களில் நமது பாதையில் வேகக் கட்டுப்பாடு உண்டு. 2025 பெப்ரவரியில் ஹபரணை அருகே ஆறு யானைகள் புகையிரதத்தில் அடிபட்டு இறந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

தாங்கிகள் மட்டக்களப்பு வந்து சேர்ந்ததும்தான் உண்மையான வேலை தொடங்கும். எஞ்சின் சுற்றி வருவதற்கான பாதையைத் தாங்கிகளே அடைத்துக்கொண்டிருந்தால், அடுத்து வரும் பயணிகள் புகையிரதத்தின் எஞ்சின் முட்டுக்கட்டை ஓரத்தில் சிறைப்பட்டுவிடும். எனவே மட்டக்களப்பு வரைபடத்தில் மேடைப் பாதை, சுற்றுப் பாதை இரண்டுக்கும் அப்பால் தாங்கிகளுக்கென்று ஒன்றரை மீற்றர் நீளத்தில் மூன்றாவது பாதையொன்றை இப்போதே சேர்த்துவிடுங்கள்.